நாலாவது இடம் காலியாகவே இருக்கட்டும்: சினாலஜி டிஎஸ்423+ பெட்டி, தோட்டப்புற ஊர் ஸ்டூடியோக்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் கடைவீதியில் எந்தக் கல்யாண ஸ்டூடியோவுக்குள் போனாலும் மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். அதில் நிறைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவில் மாப்பிள்ளை, பெண் பெயர். ஒரு கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, ஆறு மணி நேரக் கல்யாணம் என்றால் 540 ஜிபி. இரண்டே கல்யாணத்தில் 1 டிபி டிஸ்க் நிரம்பிவிடும். அந்தக் கூடையில் இருப்பது எல்லாமே ஒற்றைப் பிரதி. தாலி கட்டுகிற நிமிடத்தை யாரும் மறுபடி எடுத்துத் தர முடியாது. அதனால்தான் இந்தப் பெட்டியைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

டிஎஸ்423+ நாலு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டிப் பல கணினிகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி. 2023-இல் வந்தது. உள்ளே இன்டெல் செலரான் ஜே4125, நாலு கோர். ரேம் 2 ஜிபி போர்டோடு ஒட்டியே வருகிறது, 4 ஜிபி சேர்த்து 6 ஜிபி வரை போகலாம். பின்னால் 1 கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இரண்டு, அடியில் எம்.2 எஸ்எஸ்டி இரண்டுக்கு இடம். கரண்டு வெளி அடாப்டரில் இருந்து வருகிறது, 90 வாட். டிஸ்க்குகள் ஓடும்போது முப்பது வாட்டை ஒட்டி இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் இருபத்திரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஸ்டூடியோ மட்டுமல்ல, தமிழ்ப்பள்ளி அலுவலகம், தோட்டக் கான்ட்ராக்டர் சம்பளக் கணக்கு, கோயில் நிர்வாகக் குழுவின் ரசீதுகள் என்று எந்தச் சின்ன அலுவலகத்துக்கும் இது போதும். வாங்கலாம், ஆனால் மூன்று நிபந்தனை. டிஸ்க் சரியானதாக இருக்க வேண்டும், யூபிஎஸ் கூடவே வர வேண்டும், நாலில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. நம் மாதிரி ஊர்களுக்கு அதுதான் முக்கியம்.

ரெய்டு என்ற யோசனை 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் பெயர் பெற்றது. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டுவது. மலிவான டிஸ்க் சாகத்தான் செய்யும் என்று ஒத்துக்கொண்டு தொடங்கிய வேலை அது. சினாலஜி பெட்டியில் அதைத் தானாகச் செய்துகொடுப்பது எஸ்எச்ஆர் என்கிற ஏற்பாடு. அடியில் இருப்பது லினக்ஸில் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் சாதாரண எம்டி ரெய்டும், அதன் மேல் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மும்தான், மந்திரம் எதுவும் இல்லை. இந்த விவரம் பின்னால் டேட்டா மீட்கும்போது கைகொடுக்கும்.

செத்த டிஸ்க்கின் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட வைத்திருக்கும் கூடுதல் எண்தான் பாரிட்டி. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். மூன்று டிஸ்க்கில் ஒரே வரிசையில் 1, 0, 1 என்று இருக்கிறது. நாலாவதில் எழுத வேண்டியது, மொத்த ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஓர் எண். இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்று இருப்பதால் 0. இப்போது மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் 1, 0, 0. இரட்டைப்படையாக வர இன்னொரு 1 வேண்டும், ஆகவே காணாமல் போனது 1. அவ்வளவுதான். இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனால் இந்தக் கணக்கு நிற்காது. இதில் இன்னொன்றும் தெரிகிறது: போன டிஸ்க்கைத் திரும்பக் கட்ட மற்ற எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும்.

8 டிபி டிஸ்க் ஒன்றை விநாடிக்குச் சராசரி 180 எம்பி வேகத்தில் நிரப்பினால்கூட பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்தில் ஒருவர் எடிட்டிங் செய்துகொண்டிருந்தால் ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட இழுக்கும். சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7-இல் காலி இடத்தைத் தாண்டிப் போகும் 'ஃபாஸ்ட் ரிப்பேர்' வசதி இருக்கிறது. பாதி காலியான பெட்டிக்கு நல்லது, நிரம்பி வழியும் பெட்டிக்குப் பயனில்லை. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் இதைவிட எவ்வளவோ மேலாக ஓடும். ஆனாலும் ஒரு டிஸ்க் போய், மிச்சம் இரண்டு 8 டிபி டிஸ்க்கை முழுக்கப் படிக்கும் நாளில், எங்கோ ஒரு மூலையில் ரொம்ப நாளாகப் படுத்துக்கிடந்த ஒரு கெட்ட செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) அப்போதுதான் தலைகாட்டும். அந்த இடத்துக்குக் கணக்குப் போட வழியே இருக்காது.

நாலாவது இடத்தைக் காலியாக விடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் கணினிக் கடைகளிலும் சிசிடிவி கடைகளிலும் கிடைப்பது பெரும்பாலும் டெஸ்க்டாப் டிஸ்க், இல்லையென்றால் கேமராவுக்கான ஊதா லேபிள் டிஸ்க். 8 டிபி நாஸ் டிஸ்க் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் கோலாலம்பூரில் இருந்து வர வேண்டும். நடுவில் தீபாவளியோ சீனப் பெருநாளோ வந்தால் அந்த வாரம் முழுக்கப் பெட்டி ஒற்றைக் காலில் நிற்கும்.

நாலு இடத்தையும் நிரப்பியவர், டிஸ்க் எச்சரிக்கை கொடுத்தவுடன் அதைப் பிடுங்கினால்தான் புதிதைப் போட முடியும். பிடுங்கிய நொடியில் பாதுகாப்பு போய்விடுகிறது. மூன்று டிஸ்க் மட்டும் போட்டவர் நாலாவது இடத்தில் புது டிஸ்க்கைச் செருகி, ஸ்டோரேஜ் மேனேஜரில் 'ரீப்ளேஸ் டிரைவ்' கொடுக்கலாம். பழைய டிஸ்க் இன்னும் உயிரோடு இருப்பதால் அதிலிருந்தே புதியதற்கு நகல் போகும். வேலை முடியும் வரை பாதுகாப்பு குறையாது. வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. நாலு 8 டிபி போட்டால் 24 டிபி, மூன்று போட்டால் 16 டிபி. டிஎஸ்எம் அதை 14.5 என்று காட்டும், 1024 கணக்கு. அந்த 8 டிபியை விட்டுக்கொடுத்து நாலாவது டிஸ்க்கை உறை பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். மூன்று டிஸ்க்கோடு அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஆனால் நாலும் ஒரே கடையில், ஒரே தேதி அச்சிட்டதாக வேண்டாம். ஒரே சமயத்தில் செய்த டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் நோய்ப்படுவதும் உண்டு.

எந்த டிஸ்க்? எஸ்எம்ஆர் வேண்டவே வேண்டாம். ஓடு வேய்ந்ததுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறிப் படியும் முறை அது. ஓரிடத்தில் எழுத அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், மறுகட்டமைப்பு நேரத்தில் மூச்சுமுட்டி நிற்கும். 2020-இல் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று வெளியே தெரிந்து பெரிய கூச்சல் ஆனது. அதற்குப் பிறகு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகள் 'ரெட் பிளஸ்' என்ற பெயரில் தனியாக வருகின்றன. வாங்கும்போது 'பிளஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். சீகேட் ஐயன்வுல்ஃப் எடுத்தாலும் சரி. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாராகுடா 2, 4, 8 டிபி எல்லாம் எஸ்எம்ஆர், அவற்றைப் பெட்டிக்குள் போடாதீர்கள். ஊதா லேபிள் கேமரா டிஸ்க் நாள் முழுக்க ஓடும்படி செய்தது என்பதால், அவசரத்துக்கு வேறு வழியில்லையென்றால் போட்டுக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் டிஸ்க்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் அது விடாப்பிடியாக முயன்றுகொண்டே இருக்கும். பெட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு டிஸ்க்கே போய்விட்டது என்று வரிசையிலிருந்து தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் ஏழு விநாடி போலப் பார்த்துவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும், பெட்டி பாரிட்டியிலிருந்து நிரப்பிக்கொள்ளும்.

இனி டிஸ்க் போகும் நாள். பெட்டி பீப் பீப் என்று கத்தும், முன்பக்கம் 'ஸ்டேட்டஸ்' விளக்கு ஆரஞ்சில் மின்னும். முதல் வேலை, கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. எதையும் பிடுங்க வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கணினியில் ஸ்டோரேஜ் மேனேஜரைத் திறந்து பீப்பை நிறுத்துங்கள். எந்த எண் டிரைவ், அதன் சீரியல் எண் என்ன என்று தாளில் எழுதுங்கள். பிறகு அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நிலைக் குறிப்பு. 5-ஆம் எண் ஏற்கெனவே மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், 197 சந்தேகத்தில் நிற்பவை, 198 படிக்கவே முடியாதவை. இந்த மூன்றில் ஏதாவது ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்குக் கதை முடிந்தது. 199 மட்டும் ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, தொடர்பில். பெட்டியை முறைப்படி அணைத்து, டிரேயை இழுத்து மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். கறுத்துப்போன தொடர்பு ஈரப்பதத்தில் இப்படிச் செய்வதுண்டு.

டிஸ்க்தான் போனது என்று உறுதியானதும், புது டிஸ்க்கைத் தொடும் முன் ஒரு வேலை பாக்கி. இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணங்களை யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மறுகட்டமைப்புதான் மிச்ச டிஸ்க்குகளை அதிகம் வதைக்கும் நேரம். அதற்கு முன்னாலேயே முக்கியமானது வெளியே வந்துவிட வேண்டும்.

அதன் பிறகு டிரே. இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. தவறான டிஸ்க்கைப் பிடுங்குவதுதான் இந்த வேலையில் மனிதர் செய்யும் மிகப் பெரிய பிழை. ஒன்று ஏற்கெனவே போயிருக்கிறது, நல்லதில் ஒன்றையும் பிடுங்கினால் வால்யூம், அதாவது டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பு, அங்கேயே விழும். வாங்கிய முதல் நாளே ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தை ஸ்டிக்கரில் ஒட்டிவிடுங்கள். பிடுங்கும்போது தாளில் இருப்பதும் ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் திருகாணி வேண்டாம், டிரேயின் இரு பக்கப் பட்டைகளைக் கழற்றி டிஸ்க்கை வைத்துத் திரும்ப அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். புது டிஸ்க் பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செருகியதும் 'ரிப்பேர்' கொடுங்கள். முடியும் வரை எடிட்டிங்கை நிறுத்தி வைப்பது நல்லது.

ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம். இரண்டு டிஸ்க் ஒரே நொடியில் சாவது அபூர்வம். ஒரே நொடியில் தளர்ந்துபோவது அடாப்டர்தான். இடி இறங்கிய மறுநாள் இப்படி நடந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெட்டியை அணைத்து, அதே வோல்ட், அதே வாட் உள்ள நல்ல அடாப்டரில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வால்யூம் எழவில்லையென்றால் அதற்குமேல் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், விவரம் தெரிந்தவரிடம் எல்லா டிஸ்க்கையும் வரிசை எண்ணோடு கொடுங்கள். சில நொடி முன்பின்னாக விழுந்த டிஸ்க்குகளை எம்டி ரெய்டில் கட்டாயப்படுத்தி ஒன்றுசேர்க்க வழி இருக்கிறது. புதிதாக ஒரு வால்யூம் உருவாக்கிவிட்டால்தான் அந்த வழி அடைபடும்.

பெட்டியே செத்தாலும் டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகாது. டிஎஸ்எம் தன் இயங்குதளத்தையே ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறது. இன்னொரு சினாலஜி பெட்டியில் அதே வரிசையில் மாற்றிப் போட்டு, திரையில் கேட்கும்போது 'மைக்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி கிடைக்க நாளாகும் என்றால் டெஸ்க்டாப் கணினி ஒன்றே போதும். டிஸ்க்குகளை சாட்டா கம்பியில் மாட்டி, யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவை ஏற்றி, எம்டிஏடிஎம், எல்விஎம்2 இரண்டையும் நிறுவ வேண்டும். ரெய்டை ஒன்றுசேர்த்து, எல்விஎம் தொகுப்பை உயிர்ப்பித்து, வால்யூமைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றி நகலெடுக்க வேண்டும். 'படிக்க மட்டும்' என்பதை விட்டுவிடாதீர்கள். மிகப் புதிய உபுண்டுவில் சினாலஜியின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை ஏறாமல் அடம்பிடித்தால் பழைய பதிப்பில் முயன்று பாருங்கள். விண்டோஸில் மட்டும் மாட்டாதீர்கள். டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்யவா, 'ஃபார்மேட்' செய்யவா என்று அது கேட்கும். அவசரத்தில் யாராவது ஓகே அழுத்திவிட்டால் நல்ல டிஸ்க்கும் கெட்டது.

டிஸ்க்கிலிருந்து டக்... டக்... என்று தாளம் போட்டதுபோல் சத்தம் வந்தால் கரண்டை அப்போதே எடுத்துவிடுங்கள். தலை பழுதாகியிருக்கலாம், அது தட்டைத் தொட்டு உரசினால் ஒவ்வொரு நிமிடமும் காந்தப் பூச்சு உதிரும். தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்புக் கூடத்துக்குத்தான் அது போக வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கும் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற பழைய வைத்தியம் நம் ஊர்க் காற்றில் பாழ்தான். வெளியே எடுத்த மறுநிமிடம் தட்டின் மேல் வேர்வைபோல் நீர் கோத்துக்கொள்ளும். சத்தம் இல்லாமல் செக்டர் மட்டும் கெட்ட டிஸ்க்கை டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். முதல் சுற்றில் சுலபமாக வருவதை மட்டும் எடுத்து, எது வந்தது, எது வரவில்லை என்று குறித்திருக்கும் மேப் கோப்பை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்ல வேண்டும். ரெய்டு கட்டுவதெல்லாம் அந்த நகலில்தான், அசலில் அல்ல.

இதெல்லாம் வராமல் இருக்கச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பேராக்கில் பிற்பகல் இடி சொல்லிக்கொண்டு வராது. யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ் வாங்கி, அதன் கம்பியைப் பெட்டியில் செருகி, கரண்டு போய் ஐந்து நிமிடத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போகும்படி கண்ட்ரோல் பேனலில் வையுங்கள். விலை குறைந்த யூபிஎஸ் பலவற்றில் அந்தப் போர்ட் இருக்காது, பேட்டரி மட்டும் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் டேட்டா ஒரு நிலை, பாரிட்டி வேறு நிலை என்று ஆகிவிடலாம். விசிறியை 'கூல் மோட்'டில் போடுங்கள், ஏர்கோன் இல்லாத பிற்பகல் அறைக்கு 'கொயட்' பற்றாது. கோயில் அலுவலகத்தில் வைப்பதானால் கற்பூரப் புகை எட்டாத இடம் பாருங்கள், அந்தக் கரி விசிறியில் பசைபோல் ஒட்டும். ஷேர்ட் ஃபோல்டர் உருவாக்கும்போதே, டேட்டா கெட்டதா என்று சரிபார்க்க உதவும் 'டேட்டா செக்சம்' கட்டத்தை டிக் செய்யுங்கள், பிறகு சேர்க்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'டேட்டா ஸ்கரப்பிங்' ஓடட்டும். மூலையில் படுத்துக்கிடக்கும் கெட்ட செக்டரை, இன்னும் பாரிட்டி இருக்கும்போதே எழுப்பிச் சரிசெய்வது அதுதான்.

குறைகள் உண்டு. 1 கிகாபிட் என்பதால் ஒரு கணினிக்கு விநாடிக்கு 110 எம்பியை ஒட்டித்தான் வரும், அந்த 540 ஜிபியை ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும். நேரடியாகப் பெட்டியிலிருந்தே 4கே எடிட்டிங் செய்ய நினைப்பவர் கியூநாப் டிஎஸ்-464 பக்கம் பார்க்கலாம், அதில் 2.5 கிகாபிட் இரண்டு. 2025-இல் வந்த டிஎஸ்425+ அதே செயலியோடு ஒரு போர்ட்டை 2.5 கிகாபிட் ஆக்கியது. ஆனால் வந்தபோது சினாலஜி அங்கீகரித்த டிஸ்க்குகளை மட்டுமே ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 423+ அந்தத் தொல்லைக்குள் வரவில்லை. பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று டிஎஸ்415+ வாங்கப் போகிறவர் நின்று யோசியுங்கள். அதில் இருப்பது இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் செயலி, நாள்பட ஒரு நாள் எழாமலே போகும் கோளாறு அதற்கு உண்டு என்று 2017-இல் வெளிவந்தது.

கடைசியாக, ரெய்டு இருக்கிறது என்று பேக்அப்பை விட்டுவிடாதீர்கள். எடிட்டர் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் மூன்று டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். 2014-இல் சினோலாக்கர் என்ற பூட்டு வைரஸ் இணையத்தில் திறந்து கிடந்த பழைய பதிப்புப் பெட்டிகளைத்தான் பிடித்தது. 5000, 5001 போர்ட்டுகளை ரவுட்டரில் திறக்காதீர்கள், 'அட்மின்' கணக்கை முடக்குங்கள், அந்தந்த நாளின் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் தினமும் ஓடட்டும். பெரிய யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி சினாலஜியின் ஹைப்பர் பேக்அப் நிரலில் மாற்றி மாற்றி எடுங்கள், வெள்ளிக்கிழமை கடை சாத்தும்போது ஒன்று வீட்டுக்குப் போகட்டும். பேக்அப்பைப் பூட்டி எடுத்தால் அதன் சாவிக் கோப்பையும் வீட்டில் வையுங்கள். மாதத்தில் ஒரு நாள் அந்த யூஎஸ்பியிலிருந்து ஒரே ஒரு கல்யாண வீடியோவைத் திரும்ப எடுத்து, ஓடுகிறதா என்று கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள்.